எந்தத் தொல்லியல் மேட்டைப் பாதுகாக்க வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள்?

தென்பெண்ணையில் வெள்ளம் வடிந்ததும் கடலூர் மாவட்டக் கரையோரங்களில் சுடுமண் உறைகிணறும் பானை ஓடும் வெளியே தெரிவது புதிதல்ல. ஆனால் ஓடு கிடைத்த இடமெல்லாம் பாதுகாக்கப்பட்ட இடமாகிவிடாது.

பழைய சின்னங்களையும் தொல்லியல் இடங்களையும் பாதுகாக்கும் 1958ஆம் ஆண்டு மத்தியச் சட்டப்படி இடம் குறைந்தது 100 ஆண்டுப் பழமை கொண்டதாக இருக்க வேண்டும். தேசிய முக்கியத்துவம் உள்ளது என்று மத்திய அரசு கருதவும் வேண்டும். அந்த முக்கியத்துவத்துக்குச் சட்டம் அளவுகோல் எதுவும் தரவில்லை. தொல்லியலாளர்களின் மதிப்பீட்டை வைத்துத்தான் முடிவு. மாநில அரசு பாதுகாக்கும் இடங்களுக்கு 1966ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் தனியாக இருக்கிறது.

புதுச்சேரி அரிக்கமேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்க அங்கே கோபுரமோ சிற்பமோ இல்லை. 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, இத்தாலியில் செய்த சிவப்பு மட்பாண்ட ஓடுகள் நம் ஊர் ஓடுகளோடு ஒரே மண்ணடுக்கில் கிடைத்தன. இத்தாலிய ஓட்டின் காலம் முன்பே தெரியும். அதை வைத்து, உள்பக்கம் வட்டவட்டமாகப் பொடிக்கோடு பதித்த நம் ஊர்த் தட்டுகளுக்கும் காலம் கணிக்க முடிந்தது. 1989 முதல் 1992 வரை தொல்லியலாளர் விமலா பெக்லி மறுபடி தோண்டி, அந்தக் கணிப்பையே இன்னும் பழைய காலத்துக்கு நகர்த்தினார். தோண்டாத மண் மிச்சமிருந்ததால்தான் இது நடந்தது. என்னைக் கேட்டால், அழகைவிட, கலையாத மண்ணடுக்குதான் முதல் தகுதி.

மத்திய அரசு ஓர் இடத்தை அறிவிக்க நினைத்தால் முதலில் அரசிதழில் 2 மாத அறிவிப்பு வரும். அதன் நகலை அந்த இடத்துக்கு அருகிலேயே ஒட்டுவார்கள். அந்த இடத்தில் அக்கறை உள்ள எவரும் அதற்குள் ஆட்சேபம் சொல்லலாம். அதைப் பரிசீலித்த பிறகே இறுதி அறிவிப்பு. நிலம் வைத்திருப்பவர்கள் இந்த நாட்களைத் தவறவிடக் கூடாது. ஏனென்றால் அறிவித்தபின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்டலாம். சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

உங்கள் கொல்லையில் ஏதாவது கிடைத்தால்? கழுவாதீர்கள், வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். ஜேசிபியை நிறுத்திவிட்டு, கிடந்தபடியே படம் எடுத்து வி.ஏ.ஓ. அல்லது வட்டாட்சியரிடம் சொல்லுங்கள். காசு, நகை போன்ற புதையல் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது என்றால், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிப்பது கட்டாயம். என்ன கிடைத்தது, எங்கே, எந்தத் தேதியில் என்று எழுதிக் கொடுங்கள்.