பையின் இலக்கங்கள் சுழலாது என்று எப்படித் தெரியும்?

வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் கிடைக்கும் எண்ணான பையின் மதிப்பைக் கணினிகள் பல லட்சம் கோடி இலக்கங்கள் வரை கணக்கிட்டும் அது எங்கும் சுழலத் தொடங்கவில்லை, அதாவது ஒரே இலக்க வரிசை திரும்பத் திரும்ப வரத் தொடங்கவில்லை என்பதால்தான் அதை விகிதமுறா எண் (முழு எண்களின் பின்னமாக எழுத முடியாத எண்) என்கிறார்களா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். இல்லை. எத்தனை இலக்கங்களை எண்ணினாலும் அந்த முடிவுக்கு வர முடியாது என்பதை ஒரு சாதாரண வகுத்தல் கணக்கே காட்டிவிடும்.

பள்ளியில் பைக்குப் பதிலாக நாம் எழுதும் 22/7ஐ எடுத்துக்கொள்வோம். 22ஐ 7ஆல் வகுத்தால் ஈவு 3, மீதி 1. அந்த மீதியின் பக்கத்தில் ஒரு சுழியைச் சேர்த்து வகுத்துக்கொண்டே போனால் மீதிகள் 3, 2, 6, 4, 5 என வந்து மறுபடியும் 1இல் நிற்கும். 7ஆல் வகுக்கும்போது சுழி நீங்கலாக ஆறே ஆறு மீதிகள்தாம் உண்டு; ஆறும் தீர்ந்த பின் பழைய மீதி ஒன்று தலைகாட்டியே ஆக வேண்டும், அது வந்துவிட்டால் 142857 என்ற பழைய இலக்கங்களும் அதே வரிசையில் பின்தொடரும். மீதி சுழியாகி வகுத்தல் முடிந்துவிடாத எந்தப் பின்னத்துக்கும் இதே கதிதான். பகுதி, அதாவது கீழெண், பெரிதாக இருந்தால் சுழற்சியைத் தள்ளிப்போடலாமே தவிர, தப்ப முடியாது.

தள்ளிப்போடுவதில் 355/113 கெட்டிக்காரப் பின்னம். 5ஆம் நூற்றாண்டில் சீனக் கணிதவியலாளர் சூ சோங்ஷி பைக்கு அளித்த இந்த மதிப்பு ஆறு தசம இடங்கள் வரை சரியானது. அதன் இலக்கங்கள் 112 இடங்களுக்குப் பிறகே சுழலும். முதல் நூறு இலக்கங்களை மட்டும் பார்ப்பவர் அதை விகிதமுறா எண் என்றே சத்தியம் செய்வார். 2022இல் பை 100 லட்சம் கோடி இலக்கங்கள் வரை கணக்கிடப்பட்டது. அதைவிட நீண்ட சுழற்சியுடைய பின்னங்களும் எண்ணற்றவை உள்ளன. இத்தகைய சாதனைகள் கணினிகளைச் சோதிக்க உதவுவதால் அவற்றுக்குச் செலவிடுவதை நான் குறைசொல்ல மாட்டேன், ஆனால் நம் கேள்விக்கு அவற்றில் விடையில்லை.

விடையை 1761இல் கணிதவியலாளர் யோஹான் லாம்பர்ட் தாளும் பேனாவும் கொண்டு கண்டார். டேன்ஜென்ட் சார்பை (செங்கோண முக்கோணத்தில் கோணத்தின் எதிர்ப்பக்கத்தை அடுத்துள்ள பக்கத்தால் வகுத்தால் கிடைப்பது), பின்னத்துக்குள் பின்னமாக முடிவின்றி இறங்கும் தொடர் பின்னமாக அவர் எழுதினார். அதன் படிகளில் 1, 3, 5, 7 என ஒற்றை எண்கள் வளர்ந்துகொண்டே போக, கோணத்தின் வர்க்கம் மட்டும் மாறாமல் திரும்பத் திரும்ப வரும். கோணமும் அதன் டேன்ஜென்ட்டும் பின்னங்களே என்று வைத்துக்கொண்டு இறங்கினால், ஒரு கட்டத்துக்குப் பிறகு ஒற்றை எண்கள் அந்த வர்க்கத்தை விஞ்சிவிடுவதால், ஒவ்வொரு படியிலும் கிடைக்கும் முழு எண் முந்தையதைவிட அளவில் சிறிதாகும், ஆனால் சுழியாகாது. முழு எண்களுக்கு அப்படி முடிவின்றிச் சிறுத்துக்கொண்டே போக இடமில்லை. ஆகவே சுழியல்லாத ஒரு கோணம் ரேடியனில் (180 பாகையைப் பை என்று கொள்ளும் கோண அளவில்) பின்னமாக இருந்தால், அதன் டேன்ஜென்ட் பின்னமாக இருக்க முடியாது. 45 பாகையின் டேன்ஜென்ட்டோ 1. எனவே ரேடியனில் அந்தக் கோணமாகிய பையின் கால்பங்கு பின்னமன்று, பையும் பின்னமன்று. சுழலும் இலக்கங்களை எப்போதும் ஒரு பின்னமாக எழுதிவிடலாம் என்பதால், பையின் இலக்கங்கள் சுழலவும் மாட்டா. பையின் ஓர் இலக்கத்தைக்கூடத் தொடாமல் அதன் எல்லா இலக்கங்களையும் பற்றிப் பேசிவிடும் இந்த வாதத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சலிப்பதில்லை.

லாம்பர்ட்டுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்து, 1897இல், பையின் மதிப்பு 3.2 என்று பொருள்படும் மசோதா ஒன்றை அமெரிக்காவின் இந்தியானா மாநிலக் கீழவை நிறைவேற்றியது. வட்டங்களை யாரும் சாட்சிக்கு அழைக்கவில்லை. நல்லவேளையாக மேலவை அதைக் கிடப்பில் போட்டது.

சுழலாத எண் என்பதால் உலகில் எழுதப்பட்ட, எழுதப்படவிருக்கும் எல்லாமே, நம் ஒவ்வொருவரின் வாழ்க்கை வரலாறும் உட்பட, பைக்குள் அடங்கியிருப்பதாக ஒரு நம்பிக்கை உலவுகிறது. இதைச் சோதிடம் போலப் பரப்புவோரும் உண்டு. பத்து இலக்கங்களும் பையில் முடிவின்றி வந்துகொண்டிருக்கும் என்பதைக்கூட இதுவரை எவரும் நிறுவவில்லை. 0.101001000100001... என்று ஒவ்வொரு முறையும் ஒரு சுழியைக் கூட்டிக்கொண்டே போகும் எண்ணும் ஒருபோதும் சுழலாது. அதில் எவ்வளவு தூரம் தேடினாலும் ஒரு 7 கிடைக்காது.