தனியாக இருந்தால் நாடி ஏன் ஏறுகிறது?

மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கம் பல வீடுகளில் அம்மாவோ அப்பாவோ மட்டும் இருக்கிறார்கள். பிள்ளைகள் சிங்கப்பூரில், சென்னையில். "சும்மா உட்கார்ந்திருந்தாலே படபடங்குது" என்று அவர்கள் சொன்னால், வயசு என்று தள்ளிவிடுகிறோம். தள்ளவே கூடாது.

இதயத்தின் வலது மேலறையில் இருக்கும் சைனஸ் கணுவைத் தன் போக்கில் விட்டால், இளம் வயதில் நிமிடத்துக்குச் சுமார் 100 முறை துடிப்பை எழுப்பும். ஓய்வில் நாடி 70 ஆக இருக்கிறதென்றால், மூளைத்தண்டிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பு அதை அடக்கிப் பிடித்திருக்கிறது என்று பொருள். ஓட்டோ லோவி என்ற விஞ்ஞானி 1921இல் ஒரு தவளை இதயத்தின் வேகஸைத் தூண்டி, அதைச் சுற்றியிருந்த திரவத்தை இன்னொரு இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவானது! அந்தத் திரவத்தில் இருந்தது, வேகஸ் நரம்பு வெளியிடும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள். மூச்சை இழுக்கையில் வேகஸின் பிடி தளரும், விடுகையில் இறுகும். அதனால் ஆரோக்கியமான இதயம் கடிகாரம் மாதிரி அடிப்பதில்லை. துடிப்புகளுக்கு இடையே சின்னச் சின்ன ஏற்ற இறக்கம் இருக்கும், இருக்கவும் வேண்டும்.

தனிமை கை வைப்பது இந்தப் பிடியில்தான். அமெரிக்கப் புல்வெளிகளில் ஜோடி சேர்ந்து வாழும் பிரேரி வோல் என்ற சிறு எலியை, ஆய்வாளர் ஏஞ்சலா கிரிப்போ குழுவினர் உடன்பிறந்ததிடமிருந்து 4 வாரம் பிரித்து வைத்தார்கள். ஓய்விலேயே துடிப்பு ஏறியது, ஏற்ற இறக்கம் குறைந்தது. ஆக்சிடோசின் என்ற ஹார்மோனை ஊசியாகப் போட்ட வோல்களுக்கு அந்தப் பாதிப்பு வரவில்லை. மனிதர்களிடமும், ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2016 அறிக்கை, தனிமையில் இருப்போருக்கு இதயத் தமனி நோய் வரும் வாய்ப்பு 29% கூடுதல் என்றது.

சரி, மனசுக்கு நல்லது என்று டிரிப்டோபான் என்ற அமினோ அமில மாத்திரையை வாங்கிக் கொடுக்கலாமா? அதிலிருந்துதான் மூளை, நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் செரோடோனின் என்ற வேதிப்பொருளைச் செய்கிறது. செரோடோனினுக்கு வேகஸ் புறப்படும் மூளைத்தண்டிலும் வேலை உண்டு. ஆனால் மூளைக்குள் நுழைய டிரிப்டோபான், லியூசின் போன்ற மற்ற அமினோ அமிலங்களோடு ஒரே வழியில் முட்டி மோத வேண்டும். சோறு சாப்பிட்டால் சுரக்கும் இன்சுலின் அந்தப் போட்டியாளர்களைத் தசைக்குள் தள்ளிவிடும். அதில் கொஞ்சம் வழி கிடைக்கும். மாத்திரையால் மூலப்பொருள் கூடலாம். அதை வைத்துத் தனிமையால் தளர்ந்த பிடி இறுகிவிடும் என்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

1989இல் அமெரிக்காவில் மாசு கலந்த டிரிப்டோபான் மாத்திரைகளால் 1,500 பேருக்கு மேல் நோயுற்றார்கள், சிலர் இறந்தும் போனார்கள். அப்புறம், மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவர் கூடவே இதையும் விழுங்கினால் செரோடோனின் அளவு மீறி, நாடி எகிறி, நடுக்கமும் காய்ச்சலும் வரலாம். படபடப்போடு மயக்கமோ நெஞ்சுவலியோ இருந்தால் மருந்துக்கடைக்குப் போகாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஈசிஜி எடுங்கள்.