கேமரா நின்ற இடம்

இப்படி ஒரு படம் கையில் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெளிறிய கான்கிரீட் சாலை. இரு பக்கமும் புல்வெளி. மரம் என்று சொல்ல ஒன்றுகூட இல்லை. ஓரத்தில் தந்திக் கம்பங்கள், தொலைவில் ஒரு சின்னப் பாலம். சாலை நடுவே கூரையில்லாத கார், அதில் இரண்டு பேர். படத்தின் பின்புறம் யாரோ பென்சிலால் 'மோட்டார் பார்க்வே' என்று கிறுக்கியிருக்கிறார்கள். ஊரும் இல்லை, தேதியும் இல்லை. அந்தச் சாலையோ ஏறத்தாழ 45 மைல் நீளம், அதில் 65 பாலங்கள். மூடி எண்பது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. படம் எடுத்தவர் எங்கே நின்றார்?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதையே பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் இருக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் வேலையற்ற வேலைதான். கிட்டப் போனால் வடிவியல், வானியல், கொஞ்சம் வேதியியல் எல்லாம் தேவைப்படுகிறது.

முதலில் சாலையின் கதை. பெரும் பணக்காரக் குடும்பத்தில் பிறந்த வில்லியம் கே. வாண்டர்பில்ட் ஜூனியருக்குக் கார் என்றால் பித்து. 1904-ல் லாங் ஐலண்டின் பொதுச்சாலைகளிலேயே வாண்டர்பில்ட் கோப்பைப் பந்தயத்தை ஆரம்பித்தார். கூட்டம் சாலைக்குள் வந்து நின்று வேடிக்கை பார்த்தது. 1906 பந்தயத்தில் பார்வையாளர் ஒருவர் அடிபட்டு இறந்தார். பொதுச்சாலை இதற்கு ஒத்துவராது என்று கார்களுக்கு மட்டுமேயான தனிச்சாலை போட ஒரு கம்பெனி தொடங்கினார். 1908 ஜூனில் வேலை ஆரம்பம், அக்டோபரில் முதல் துண்டு தயார். குதிரைவண்டிக்கு அனுமதி இல்லை. குறுக்கே எந்தச் சாலை வந்தாலும் ஒன்று மேலே போகும், மற்றது கீழே போகும். நுழையக் கட்டணம் உண்டு: ஆரம்பத்தில் 2 டாலர், கடைசியில் 40 சென்ட். பக்கத்திலேயே, லாங் ஐலண்டின் பூங்காக்களையும் சாலைகளையும் அமைத்த அரசு அதிகாரி ராபர்ட் மோசஸ் இலவசமாக நார்தர்ன் ஸ்டேட் பார்க்வேயைத் திறந்துவிட்ட பிறகு காசு கொடுத்து யார் வருவார்கள்? 1938 ஏப்ரலில் சாலை மூடப்பட்டது, வரி பாக்கிக்கு ஈடாக நிலம் அரசுக்குப் போனது.

இனி நம் படம். எடுத்த எடுப்பில் கேட்க வேண்டியது, இது சரியான பக்கம்தானா என்பது. அந்தக் காலத்துப் பத்திரிகைப் படங்கள் பெரும்பாலும் கண்ணாடித் தகடுகளில் எடுக்கப்பட்டவை. தகட்டைத் திருப்பி வைத்து அச்சடித்தால் இடம் வலமாகிவிடும். எழுத்து ஏதாவது தெரிந்தால் உடனே குட்டு உடையும். எழுத்து இல்லாவிட்டால்? ஓட்டுநர் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள். இங்கேதான் பலர் சறுக்குவார்கள். அமெரிக்கா என்றால் ஸ்டியரிங் இடப்பக்கம் என்று நினைப்போம். ஆனால் 1908-ல் அங்கேயே ஏராளமான கார்களுக்கு ஸ்டியரிங் வலப்பக்கம்தான். அந்த ஆண்டு கோப்பையை வென்ற ஜார்ஜ் ராபர்ட்சனின் 16-ஆம் எண் லோகோமொபைலும் அப்படியே. ஓட்டுநர் வலப்பக்கம், கூட வரும் மெக்கானிக் இடப்பக்கம். அதே ஆண்டு வந்த ஃபோர்டு மாடல் டி இடப்பக்க ஸ்டியரிங்கைப் பரவலாக்கியது. எனவே முதலில் காரை அடையாளம் காண வேண்டும், பிறகுதான் பக்கத்தைப் பற்றிப் பேச முடியும்.

அடுத்தது சக்கரம். அந்தக் காலப் பந்தயப் படங்கள் சிலவற்றில் சக்கரம் வட்டமாக இருக்காது, முன்னோக்கிச் சாய்ந்த முட்டை மாதிரி இருக்கும். வேகத்தைக் காட்ட யாரோ வரைந்து சேர்த்ததல்ல அது. அந்தப் படங்களை எடுத்த கேமராக்களின் ஷட்டர் என்பது தகட்டுக்கு முன்னால் ஓடும் ஒரு துணித்திரை. அதில் மெல்லிய கீற்றாக ஒரு திறப்பு. திறப்பு மேலிருந்து கீழே நகர நகர, தகடு வரிவரியாக வெளிச்சம் வாங்கும். தகட்டில் விழும் பிம்பமோ தலைகீழ். ஆகவே முதலில் பதிவாவது சக்கரத்தின் அடிப்பகுதி, கடைசியில் பதிவாவது மேல்பகுதி. அந்த இடைவெளிக்குள் கார் கொஞ்சம் முன்னே போய்விடுகிறது. அடி பின்னால், தலை முன்னால்! காரோடு சேர்த்துக் கேமராவையும் திருப்பினால் கதை மாறும்: கார் ஓரளவு நேராக விழும், வேடிக்கை பார்ப்பவர்கள் பின்பக்கம் சாய்ந்து நிற்பார்கள். சாய்வு இருந்தால் கார் ஓடிக்கொண்டிருந்தது நிச்சயம். ஆரக்கால் ஒவ்வொன்றும் எண்ணும்படித் தெளிவாக இருந்தால், ஆளை உட்காரவைத்து நிதானமாக எடுத்த படமாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

காரின் நிறத்தை மட்டும் படத்தை வைத்துச் சொல்லாதீர்கள். அன்றைய தகடுகளில் ஒளியைப் பதிவுசெய்த பசைப்பூச்சுக்குச் சிவப்பு ஒளி ஏறக்குறைய தெரியவே தெரியாது, நீலமோ கண்ணைப் பறிக்கும். செக்கச்செவேல் கார் கறுப்பாக விழும், நீல வானம் வெள்ளைத்தாள் ஆகும். மேகம் இல்லாத வெற்று வானத்தைப் பார்த்து 'அன்று வானம் தெளிவாக இருந்தது' என்று எழுதினால் அதுவும் தப்பு.

நிழல் நம்பகமான சாட்சி. 1908 பந்தயம் நடந்தது அக்டோபர் 24-ல். லாங் ஐலண்ட் ஏறக்குறைய 40.7 பாகை வடக்கில் இருக்கிறது. அந்தத் தேதியில் அங்கே சூரியன் உச்சிப்பொழுதில்கூட 38 பாகைக்கு மேல் ஏறாது; ஆறடி ஆளுக்கு ஏறக்குறைய எட்டடி நிழல். அதே ஆள் ஜூன் தொடக்கத்தில் நின்றால் சூரியன் 72 பாகைக்கு ஏறும், நிழல் இரண்டடிகூட வராது. ஆக, உச்சிப்பொழுதில் எடுத்தது என்று தெரிந்த படத்தில் நிழலை அளந்தால் பருவம் பிடிபடும். உச்சிப்பொழுது என்பது கடிகாரத்தின் பன்னிரண்டு மணி அல்ல. அக்டோபர் கடைசியில் அங்கே அது அன்றைய கடிகாரப்படி 11.38-க்கே வந்துவிடும். இந்தக் கணக்கில் ஒரு பொறியும் உண்டு. சூரியன் அக்டோபர் 24-ல் போகும் பாதையிலேயே பிப்ரவரி நடுவிலும் போகிறது. நிழலை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். மரத்தில் இலை இருக்கிறதா என்று பார்த்துத்தான் தீர்க்க வேண்டும். நம் படத்தில் மரமே இல்லை என்பது வேறு வயிற்றெரிச்சல்.

நிழலின் நீளத்தைவிட அது விழும் திசை இன்னும் உபயோகமானது. தேதியும் நேரமும் தெரிந்தால், நிழல் சாலையைச் சந்திக்கும் கோணத்திலிருந்து சாலை எந்தத் திசையில் போகிறது என்று கணக்கிடலாம். வாண்டர்பில்ட் நிலம் வாங்கப் போனபோது சிலர் விற்க மறுத்தார்கள். அதனால் மேற்கிலிருந்து கிழக்கே நேராகப் போக வேண்டிய சாலை அங்கங்கே ஒடிந்து வளைந்து போயிற்று. ஓட்டியவர்களுக்குத் தொல்லை கொடுத்த அந்த வளைவுகள்தான் இன்றைக்குக் கைகொடுக்கின்றன: ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு திசை, அதனால் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நிழல்.

மரமில்லாத வெட்டவெளி என்பதும் ஒரு துப்பு. லாங் ஐலண்டின் நடுவே ஹெம்ப்ஸ்டெட் சமவெளி என்ற இயற்கைப் புல்வெளி இருந்தது. சாலையின் முதல் துண்டு அதன் வழியாகத்தான் போனது. அடையாளம் சொல்ல ஒரு மேடுகூட இல்லாத இடம் என்று அலுத்துக்கொள்ளலாம், ஆனால் சமவெளிக்கு ஒரு நல்ல குணம் இருக்கிறது: தொடுவானம் உண்மையான தொடுவானமாக இருக்கும். சமதரையில் தொடுவானக் கோடு எதை வெட்டினாலும் கேமராவின் உயரத்தில்தான் வெட்டும். அது எல்லோருடைய மார்பையும் தொட்டுக்கொண்டு போனால், கேமரா மார்பளவு உயரத்தில் முக்காலிமேல் இருந்தது. எல்லோர் தலைக்கும் மேலே போனால், படம் எடுத்தவர் பாலத்தின் மேலோ பார்வையாளர் மேடையிலோ ஏறி நின்றிருக்கிறார். ஒரு அளவுகோலும் வேண்டாம், ஒரு கோடு போதும்.

இனி உயிர்நாடியான பகுதி. ஓடும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் பக்கத்து மரம் பின்னே ஓடும், தூரத்து மலை கூடவே வரும். நாம் நகரும்போது கிட்டத்துப் பொருளும் தூரத்துப் பொருளும் ஒன்றையொன்று தாண்டி நகர்வதாகத் தோன்றுவது இடமாறு தோற்றம். இதைத் திருப்பிப் போட்டால் கேமராவின் இடம் கிடைக்கும். படத்தில் ஒரு தந்திக் கம்பம் சரியாகப் பாலத்தின் இடது விளிம்பை மறைக்கிறது என்றால், பாலவிளிம்பு, கம்பம், கேமரா மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் இருந்தாக வேண்டும். வரைபடத்தில் விளிம்பையும் கம்பத்தையும் இணைத்துக் கோட்டை இந்தப் பக்கமாக நீட்டுங்கள். கேமரா அந்தக் கோட்டில் எங்கோ இருக்கிறது. இதேபோல வேறு இரண்டு பொருட்கள், இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில் அவர் நின்றார்.

லென்ஸ் எது, படத்தை எவ்வளவு வெட்டிச் சுருக்கினார்கள் என்பதெல்லாம் இதில் ஒரு பொருட்டே இல்லை. எதற்குப் பின்னால் எது மறைகிறது என்பதை லென்ஸ் தீர்மானிப்பதில்லை, நிற்கும் இடம்தான் தீர்மானிக்கிறது. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த விஷயம் இதுதான். நூறு வருடத்துக்கு முந்தைய கேமராவைப் பற்றி ஒன்றுமே தெரியாமல், அதன் முக்காலி ஊன்றிய இடத்தைத் தரையில் காட்டிவிடலாம். கோடுகள் ஒன்றையொன்று நல்ல அகலக் கோணத்தில் வெட்ட வேண்டும், அவ்வளவுதான். ஏறக்குறைய இணையாக ஓடும் இரண்டு கோடுகளை நம்பினால் நூறு கெஜம் தள்ளிப் போய் நிற்போம்.

சிக்கல், கம்பமும் பாலமும் இருந்த இடம் நமக்குத் தெரிய வேண்டும். இரண்டுமே இன்று இல்லாமல் இருக்கலாம். அதற்குத்தான் பழைய வரைபடங்கள். சான்பார்ன் கம்பெனி தீக்காப்பீட்டுக்காக வரைந்த நகர வரைபடங்களில் செங்கல் கட்டடம் இளஞ்சிவப்பு, மரக்கட்டடம் மஞ்சள். ஊருக்கு வெளியே வான்படம்தான் துணை. 1924-ல் ஷெர்மன் ஃபேர்சைல்டின் நிறுவனம் நியூயார்க் நகரம் முழுவதையும் விமானத்திலிருந்து படம்பிடித்தது. சாலை மேற்கே எட்டிய குவீன்ஸ் பகுதி அதில் அடக்கம். பொதுவாக நில அளவைக்கான வான்படங்களை ஒன்றின்மேல் ஒன்று பாதிக்கு மேல் படியும்படி எடுப்பார்கள். ஒரே நிலத்தை இரண்டு இடங்களிலிருந்து பார்த்த இரண்டு படங்கள். இடக்கண்ணுக்கு ஒன்று, வலக்கண்ணுக்கு ஒன்று காட்டினால் தரை எழுந்து நிற்கும். சாலைக்காகக் கொட்டிய மண்மேடு தெரியும். இங்கேயும் வேலை செய்வது அதே இடமாறு தோற்றம்தான்.

வான்படத்தை இன்றைய வரைபடத்தின்மேல் பொருத்த, அன்றும் இன்றும் அசையாத புள்ளிகள் வேண்டும். இருப்புப்பாதை அதற்கு உத்தமம். லாங் ஐலண்ட் ரயில்பாதை இன்றும் ஓடுகிறது, மோட்டார் பார்க்வே அதைப் பாலத்தில் கடந்தது. தேவாலயக் கோபுர உச்சியைப் புள்ளியாக எடுக்கக் கூடாது. வான்படத்தில் உயரமானவை எல்லாம் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சாய்ந்து விழும்.

பொருத்திப் பார்த்தால் சாலை பல வேடங்களில் வெளிப்படுகிறது. கிழக்கே சஃபோக் கவுண்டியில் அதே பெயரோடு சாதாரணச் சாலையாகக் கார்கள் ஓடுகின்றன. குவீன்ஸில் ஒரு துண்டு, மூடிய அதே 1938-லேயே சைக்கிள் பாதையாகிவிட்டது. 73-ஆவது அவென்யூவைத் தாண்டும் பழைய பாலம் இன்னும் இருக்கிறது. ஆனால் அங்கே நின்று '1908-ல் லோகோமொபைல் இதன்மேல்தான் பறந்தது' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அந்த மேற்குத் துண்டு 1926-ல்தான் வந்தது. 1910 பந்தயத்தில் உயிர்ப்பலி ஆன பிறகு, பொதுச்சாலையில் பந்தயம் கூடாது என்று நியூயார்க் மாநிலம் எப்போதோ தடைபோட்டுவிட்டது.

நடுவே, நாசோ கவுண்டியில்தான் தடம் ரொம்பவும் கலைந்து கிடக்கிறது. சில இடங்களில் அதன்மேல் மின்கம்பிகள் போகின்றன. சில இடங்களில் வீட்டு வேலிகள் மட்டும் காரணமில்லாமல் சாய்வாக ஓடும். ஹெம்ப்ஸ்டெட் புல்வெளியின் ஒரு பகுதியில் 1947 முதல் லெவிட்டவுன் எழுந்தது. ஒரே அச்சில் வார்த்த ஆயிரக்கணக்கான வீடுகள். நம் படத்தின் இரண்டு கோடுகளும் அங்கே ஒரு வீட்டின் கொல்லைப்புறத்தில் போய் வெட்டிக்கொண்டால் என்ன செய்வது? அழைப்புமணியை அடிக்க வேண்டியதுதான். 'ஐயா, உங்கள் துணி காயும் கொடிக்கு இரண்டடி இந்தப் பக்கம் ஒருவர் கேமராவோடு நின்றிருக்கிறார். ஐந்து நிமிஷம் நான் அங்கே நின்று பார்த்துக்கொள்ளட்டுமா?'