சிங்க் – ஒத்திசைவு

‘சிங்க்ரனைசேஷன்’ என்பதன் சுருக்கம்தான் சிங்க். கிரேக்கத்தில் ‘சின்’ என்றால் உடன், ‘க்ரோனோஸ்’ என்றால் காலம். ஒரே நேரத்தில் நிகழ்வது என்பது மூலப்பொருள். சினிமாவில் உதட்டசைவும் ஒலியும் பொருந்துவதை சிங்க் என்பது இந்தப் பொருளில்தான். கணினியில் பொருள் கொஞ்சம் நகர்ந்துவிட்டது: இரண்டு இடங்களில் இருக்கும் கோப்புறைகளை ஒரே நிலைக்குக் கொண்டுவருவதே சிங்க்.

1996இல் வந்த ஆர்சிங்க், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மட்டும் நகலெடுக்கும் ஒருவழிக் கருவி. எது மூலம், எது நகல் என்று நாமே சொல்லிவிடுவதால் அதற்குக் குழப்பமில்லை. இருவழியில்தான் சிக்கல். வீட்டுக் கணினியில் ஒரு கோப்பு இருக்கிறது, மடிக்கணினியில் இல்லை. இங்கே புதிதாக உருவானதா, அங்கே அழிக்கப்பட்டதா? இரு கோப்புறைகளையும் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் விடை கிடைக்காது. தப்பாக ஊகித்தால், அழித்த கோப்பு மறுபடி முளைக்கும். இல்லையென்றால் புதிதாக எழுதியது காணாமல் போகும்.

ஆகவே கடந்தமுறை நிலைமை எப்படி இருந்தது என்று எங்காவது எழுதிவைத்தாக வேண்டும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பெஞ்சமின் பியர்ஸின் குழு ஓகேமல் என்ற நிரல்மொழியில் எழுதிய யூனிசன் என்ற இருவழி சிங்க் மென்பொருள் இதைச் செய்கிறது. ஒவ்வொரு சிங்க் முடிந்ததும் கோப்பின் பெயர், கடைசியாக மாறிய நேரம், உள்ளடக்கத்தின் கைரேகை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சிறு அடையாளம்) ஆகியவற்றை இரு கணினிகளிலும் குறித்துக்கொள்கிறது. அடுத்த முறை ஒவ்வொரு பக்கமும் முதலில் தன் குறிப்போடுதான் ஒப்பிட்டுப் பார்க்கும். குறிப்பில் இருந்து கோப்புறையில் இல்லையென்றால் அழிக்கப்பட்டது; குறிப்பில் இல்லாமல் கோப்புறையில் இருந்தால் புதியது. தன் பழைய நேரத்தோடு தானே ஒப்பிடுவதால், இரண்டு கணினிகளின் கடிகாரமும் ஒத்துப்போகாவிட்டாலும் வேலை நடக்கும். பெயரில் காலம் இருக்கிறது, வேலைக்கு அது அவ்வளவாகத் தேவைப்படவில்லை!

இந்தக் குறிப்புக்கு யூனிசன் வைத்த பெயர் ‘ஆர்க்கைவ்’. அதைக் காப்பகம் என்று தமிழாக்கினால் ஆபத்து: பழைய கோப்புகள் உள்ளே பத்திரமாக இருக்கின்றன என்று வாசகர் நினைத்துவிடுவார். அதில் கோப்பின் உள்ளடக்கம் கிடையாது, எதையும் மீட்க முடியாது. நிலைக்குறிப்பு என்பது என் தேர்வு. அது தொலைந்தால் யூனிசனுக்குப் பழசு எதுவும் நினைவிருக்காது. ஒரு பக்கம் மட்டும் இருக்கும் கோப்பைப் புதியது என்றே எடுத்துக்கொள்ளும்.

சரி, சிங்குக்குத் தமிழ்? ஒருங்கிணைப்பு பொருந்தாது. அது பலவற்றை ஒன்றாக்குவது. இங்கே இரண்டும் தனித்தனியாகவே இருக்கின்றன. கைபேசி அமைப்புகளில் ஏற்கெனவே பழகிவிட்ட ஒத்திசைவுதான் சரியான சொல். இசைதல் என்றால் உடன்படுதல் என்றும் பொருள், சம்மதத்தை இசைவு என்கிறோமே. இருவழி வேலைக்குக் கிரேக்க வேரைவிட இது நெருக்கமானது. வினையாக ‘ஒத்திசை’ என்று சொல்லலாம்.

அப்புறம், இரு பக்கமும் ஒரே கோப்பை வெவ்வேறாக மாற்றியிருந்தால் வரும் ‘கான்ஃப்ளிக்ட்’. அதற்கு முரண் என்ற சொல்லே போதும். அந்த இடத்தில் யூனிசன் தானாக எதையும் முடிவுசெய்யாது; கேள்விக்குறி போட்டு, எந்தப் பக்கத்தை வைத்துக்கொள்ளலாம் என்று நம்மைக் கேட்கும்.