புதுப் பெயிண்ட் அடித்த சுவரைக் கொஞ்சம் நின்று பாருங்கள்

பழைய வீடு வாங்கப் போகிறவர்கள் என்னை அழைத்துக் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "சார், வீடு ஸ்ட்ராங்கா இருக்கா?" கட்டடப் பொறியாளன் என்ற முறையில் அதற்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் நான் பார்த்த வரையில், வீடு வாங்கியபின் புலம்புகிறவர்களில் விழப்போகும் வீட்டை வாங்கியவர்கள் மிகச் சிலர். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று பார்க்காமல் வாங்கியவர்களே அதிகம்.

பத்திரம், வில்லங்கம், வாரிசு உரிமை எல்லாம் வழக்கறிஞர் பார்க்க வேண்டியவை, நான் அதற்குள் போவதில்லை. அனுமதி பெற்ற வரைபடத்தின் நகல் மட்டும் எனக்கும் வேண்டும் என்பேன். வரைபடத்தில் மூன்று அறை, நேரில் நான்கு அறை என்றால் எந்தச் சுவரை எடுத்தார்கள், எதன்மேல் புதிதாகப் பாரம் ஏற்றினார்கள் என்று தேட வேண்டும். ஹாலைப் பெரிதாக்க இடித்தது வெறும் தடுப்புச் சுவர் என்றால் கவலையில்லை. மேல்தளத்தைத் தாங்கிய சுவர் என்றால், அந்த இடத்தில் பீம் போட்டார்களா, அதற்குக் கணக்குப் போட்டவர் யார் என்று கேட்டே ஆக வேண்டும். "மேஸ்திரியே பார்த்துப் பண்ணிட்டார்" என்று பதில் வந்தால் அங்கேயே கொஞ்சம் நிதானியுங்கள்.

சரி, தண்ணீருக்கு வருவோம். வீட்டை முதலில் காட்டும்போது நல்ல வெயிலில், எல்லா விளக்கையும் போட்டு, ஜன்னல்களைத் திறந்துவைத்துக் காட்டுவார்கள். அது அவர்கள் உரிமை. இரண்டாவது முறை நீங்கள் கேட்கும் நேரத்தில் போங்கள். மழை பெய்த மறுநாள் கிடைத்தால் அதைவிட நல்ல நாள் இல்லை. உள்ளே நுழைந்ததும் மூக்கைப் பயன்படுத்துங்கள். பூஞ்சை வாசனையை மறைக்க வாசனைத் தெளிப்பான் அடித்திருந்தால் அதுவே ஒரு தகவல். வீடு முழுக்கப் பழைய பெயிண்ட், ஒரு மூலை மட்டும் பளிச்சென்று இருந்தால் அந்த மூலைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் குளியலறைதான் இருக்கும். ஒரே ஒரு அறையில் மட்டும் புதிதாக ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தாலும் அதே சந்தேகம் வர வேண்டும். சுவரை ஒட்டி நிற்கும் அலமாரியை நகர்த்தச் சொல்லக் கூச்சப்படாதீர்கள்.

சுவரில் ஈரம் தெரிந்தவுடன் வீட்டையே வேண்டாம் என்று சொல்லிவிடவும் தேவையில்லை. ஈரத்துக்குக் காரணம் எது என்பதைப் பொறுத்துத்தான் செலவு. தரையிலிருந்து மேலே ஏறும் ஓதம் பொதுவாக ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்துக்குள் நின்றுவிடும். அதன் மேல்விளிம்பில் அலைக்கோடு போல ஒரு கறையும், வெள்ளையாக உப்புப் பூத்த தடமும் இருக்கும். குழாய்க் கசிவோ மாடியிலிருந்து இறங்கும் நீரோ என்றால், வட்டமாகவோ வழிந்த கோடாகவோ, எந்த உயரத்திலும் வரும். மூன்றாவது வகையைத்தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த சுவரில் படிந்து, மூலைகளிலும் அலமாரிக்குப் பின்னாலும் கரும்பூஞ்சையாக வளர்வது அது. இதற்குச் சுவரை உடைக்கவே வேண்டாம், காற்றோட்டம் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இவற்றைப் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு. சந்தேகமான இடத்தில் ஓர் அடிக்கு ஓர் அடி அலுமினியத் தாளை வைத்து, நான்கு ஓரத்தையும் டேப்பால் இறுக்கமாக ஒட்டி, ஒன்றிரண்டு நாள் விட்டுவிடுங்கள். தாளின் அறைப்பக்கம் நீர்த்துளி இருந்தால் காற்றிலிருந்து வந்த ஈரம். சுவரை ஒட்டிய பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. இரண்டு ஊசி கொண்ட ஈரமானியைச் சிலர் வாங்கி வந்து குத்திக் குத்திப் பார்க்கிறார்கள். அந்தக் கருவியின் எண்கள் மரத்துக்காக அளவிடப்பட்டவை. சுவரில் உப்பு இருந்தாலே அது அதிகமாகக் காட்டிவிடும். ஒரே சுவரின் கீழ்ப்பகுதியையும் மேல்பகுதியையும் ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

எனக்கு உண்மையில் பயம் தருவது கான்கிரீட்டுக்குள் போன தண்ணீர். புதுக் கான்கிரீட் கடும் காரத்தன்மை கொண்டது, அதன் பிஎச் அளவு 12க்கு மேல் இருக்கும். அந்தக் காரம்தான் உள்ளே இருக்கும் கம்பிக்குத் துருப்பிடிக்காமல் காவல் நிற்கிறது. வருடங்கள் போகப் போக, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு உள்ளே இறங்கி அந்தக் காரத்தைக் குறைத்துக்கொண்டே வரும். பிஎச் 9க்குக் கீழே போய்விட்டால் காவல் போய்விடும், அப்புறம் ஈரம் பட்டால் கம்பி துருப்பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தைப் பிடிக்கும். அந்த அழுத்தத்தில் கான்கிரீட் உள்ளிருந்து பிளக்கிறது. ஆகவே தூணிலோ பீமிலோ கம்பி போகும் திசையிலேயே நீளமாக ஒரு விரிசல், கூடவே பழுப்புக் கறை என்றால் மேலே சிமென்ட் பூசிக் கடந்துவிட முடியாது. சன்ஷேடின் அடிப்பக்கம், பால்கனியின் அடிப்பக்கம், தண்ணீர்த் தொட்டிக்குக் கீழுள்ள தளம், இந்த மூன்றையும் அவசியம் அண்ணாந்து பாருங்கள். ஒரு குச்சியால் தட்டினால் கெட்டியான இடம் "ணங்" என்று ஒலிக்கும். பூச்சு விட்டுப்போன இடம் பொள்ளலாக ஒலிக்கும்.

இந்தப் பயம் எல்லா விரிசலுக்கும் பொருந்தாது. விரிசல் இல்லாத வீட்டை நான் இன்னும் பார்க்கவில்லை. பூச்சில் வலைபோல ஓடும் மெல்லிய கோடுகள் சிமென்ட் காய்ந்து சுருங்கியதால் வந்தவை. பீமும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்கோடாக வருவது, இரண்டு பொருளும் வெப்பத்துக்கு வெவ்வேறு அளவில் அசைவதால். மேல்தளமும் சுவரும் சந்திக்கும் இடத்தில் படுக்கையாக ஓடுவதும் பெரும்பாலும் அப்படித்தான், அதன் வழியே மழைநீர் இறங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். செங்கல் இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு படிப்படியாகச் சாய்வாக ஏறும் விரிசல் வேறு கதை. அஸ்திவாரத்தின் ஒரு பகுதி மட்டும் இறங்கியிருக்கலாம். அதோடு அருகிலுள்ள கதவு பிடிக்கிறதா, நிலைக்கு மேல் இடைவெளி ஒரு பக்கம் அகன்றிருக்கிறதா, தரையில் வைத்த கோலிக்குண்டு தானாக ஒரே பக்கம் உருளுகிறதா என்று சேர்த்துப் பாருங்கள். பீம் தூணைத் தொடும் இடத்துக்கு அருகே சாய்வாக விரிசல் இருந்தால் பொறியாளர் பார்க்காமல் ஓர் அடி முன்னே போகாதீர்கள்.

அகலத்தை அளப்பதற்கு ஒரு நல்ல வரிசை இருக்கிறது. பிரிட்டனின் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சிறிய செங்கல் வீடுகளுக்காக வகுத்தது. அதன்படி 5 மில்லிமீட்டர் வரையான விரிசல்கள் பெரும்பாலும் தோற்றக் குறைதான். 5 முதல் 15 வரை என்றால் கதவு ஜன்னல்கள் பிடிக்கத் தொடங்கும், மராமத்து தேவை. 25ஐத் தாண்டினால் வீட்டின் நிலைப்பே கேள்விக்குறி. ஆனால் அகலத்தைவிட, அது இன்னும் வளர்கிறதா என்பதே முக்கியம். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவைத்தால் சில மாதங்களில் தெரிந்துவிடும். வாங்குபவருக்கு அவ்வளவு நாள் கிடைக்காது, உண்மைதான். அதனால் பழைய பூச்சு வேலையைத் தேடுங்கள். ஒருமுறை அடைத்த விரிசல் அதே இடத்தில் மறுபடி திறந்திருந்தால் அது இன்னும் அசைகிறது. பக்கத்தில் பெரிய மரம் உண்டா, அல்லது சமீபத்தில் வெட்டினார்களா என்றும் கேளுங்கள். களிமண் நிலத்தில் மரம் நீரை உறிஞ்சினால் மண் சுருங்கும், வெட்டிய பிறகு நீர் தங்கி மண் உப்பும். இரண்டுமே அஸ்திவாரத்தை அசைக்கும்.

குழாயும் மின்சாரமும் விரைவாகப் பார்க்கக்கூடியவை. எல்லாக் குழாய்களையும் ஒன்றாகத் திறந்துவிட்டு மாடியில் ஷவரைப் பாருங்கள், அதே நேரத்தில் ஃப்ளஷ் செய்யுங்கள். தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் கிடைக்கும் என்பதால், மொட்டை மாடித் தொட்டிக்கு நேர் கீழே இருக்கும் தளத்தில் ஷவர் மந்தமாக இருந்தால் அது குழாயின் குற்றமில்லை. குளியலறைத் தரையின் வடிகாலை அடைத்து, இரண்டு விரற்கடை தண்ணீர் தேக்கி, ஒரு நாள் கழித்துக் கீழ் அறையின் கூரையைப் பாருங்கள். மின்பலகையில் 30 மில்லிஆம்பியர் மின்கசிவு வந்தாலே தானாக விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் ட்ரிப்பர் இருக்கிறதா என்று பார்த்து அதன் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். அது விழுந்தால் ட்ரிப்பர் வேலை செய்கிறது என்று மட்டுமே பொருள். எர்த் சரியாக இருக்கிறதா என்பதை எலக்ட்ரீஷியன் தனியாக அளக்க வேண்டும். மிகப் பழைய வீட்டில் உரியும் பெயிண்டில் ஈயம் இருக்கலாம், எனவே சிறு குழந்தைகள் இருக்கும் குடும்பம் அதைச் சுரண்டாமல் முதலில் சோதிக்கக் கொடுக்கட்டும். ஆஸ்பெஸ்டாஸ் ஓடு இருந்தால் உடைக்கவோ துளையிடவோ வேண்டாம்.

இதையெல்லாம் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே செய்யுங்கள். முடியாவிட்டால் "ஆய்வில் பெரிய குறை தெரிந்தால் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும்" என்று எழுதி வாங்குங்கள். குறை தெரிந்தபின் "நானே சரிசெய்து தருகிறேன்" என்று விற்பவர் சொன்னால், என் யோசனை: வேண்டாம், அந்தத் தொகையை விலையில் குறைத்துக்கொள்ளுங்கள். இன்னும் சில வாரங்களில் போகப் போகிறவர் குறைந்த செலவில் முடிக்கத்தான் பார்ப்பார், அது மனித இயல்பு. வேலைக்கு மதிப்பீடு எழுத்தில் வாங்கி, அதைக் காட்டிப் பேசினால் பேரம் சண்டையாகாது.

இனி விற்பவர்களுக்கு. வீட்டை விற்கப் போகிறோம் என்றதும் முதலில் பெயிண்டரைக் கூப்பிடாதீர்கள், பிளம்பரைக் கூப்பிடுங்கள். கசிவை நிறுத்தியபின் சுவர் காய்வதற்கு நேரம் கொடுக்க வேண்டும். தடிமனில் ஓர் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது நாங்கள் வைத்திருக்கும் உத்தேசக் கணக்கு. ஈரச் சுவரில் பட்டி பார்த்து பெயிண்ட் அடித்தால் சீக்கிரமே கொப்புளித்துக் காட்டிக்கொடுத்துவிடும். ஓதம் ஏறிய சுவருக்குச் சிமென்ட் பூச்சு போடுவது அதைவிட மோசம், ஆவியாகப் போக வழியில்லாமல் ஈரம் இன்னும் மேலே ஏறும்.

குறையைச் சொன்னால் விலை விழும் என்பது விற்பவர்களின் பயம். 1970இல் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஆகர்லாஃப் பழைய கார் சந்தையை வைத்து இதன் மறுபக்கத்தைக் காட்டினார். பொருளின் குணம் விற்பவருக்கு மட்டுமே தெரிந்த சந்தையில், வாங்குபவர் எல்லாவற்றையும் மட்டமாகவே மதிப்பிடுவார், நல்ல பொருளுக்கும் நல்ல விலை கிடைக்காது. வீட்டில் இதை நான் நேரிலேயே பார்க்கிறேன். "மாடியில் இந்த இடத்தில் கசிந்தது, இந்த வருடம் வாட்டர் ப்ரூஃபிங் செய்தோம், இதோ பில்" என்று எடுத்து வைப்பவரிடம் வாங்குபவர் மற்ற விஷயங்களைக் குடையமாட்டார். மறைத்த ஒன்றை நான் கண்டுபிடித்துச் சொன்னால், அதற்குப்பின் அவர் சொல்லும் உண்மைகளும் எடுபடாது.

விற்பதற்காகச் சமையலறையை முழுதாக மாற்றுவதும் வேண்டாம். உங்கள் ரசனைக்கு வாங்குபவர் பணம் தரமாட்டார். சொட்டும் குழாய், பிடிக்கும் கதவு, எரியாத விளக்கு, அடைத்த மழைநீர்க் குழாய், இவை போதும். சுவருக்குள் குழாயும் வயரும் போகும் பாதையைக் கட்டும்போது போட்டோ எடுத்திருந்தால் தேடி எடுத்து வையுங்கள், புதிதாக ஆணி அடிக்கப் போகிறவருக்கு அதைவிட உதவி வேறில்லை. சாவி கைமாறும் நாளில் மெயின் வால்வு, கழிவுநீர்ச் சேம்பர்களின் மூடிகள், மின்பலகையில் எந்த ஸ்விட்ச் எந்த அறைக்கு என்பதையெல்லாம் இருவருமாக நடந்து பார்த்துவிடுங்கள். மீட்டர்களின் அளவையும் அப்போதே போட்டோ எடுத்து ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள்.