இறக்கை உரசி விமானம் நின்றால் பயணிக்கு என்ன கிடைக்கும்?

2024 மார்ச் 27 அன்று கொல்கத்தா விமான நிலையத்தில், சென்னைக்குப் புறப்பட ஓடுபாதை அனுமதிக்காகக் காத்திருந்தது ஒரு ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம். தர்பங்கா போகவிருந்த இண்டிகோ விமானத்தின் இறக்கை நுனி அதன் இறக்கையில் இடித்தது. இண்டிகோ விமானிகள் இருவரையும் டிஜிசிஏ, அதாவது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், பணியிலிருந்து விலக்கி வைத்து விசாரித்தது.

இது எங்கேயோ நடந்த கதை என்று வேலூரில் இருக்கிறவர்கள் விட்டுவிட முடியாது. கொல்கத்தாவிலிருந்து சென்னையில் இறங்கி வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு வருகிறவர்கள் எத்தனை பேர் என்பதற்கு காந்தி ரோடு லாட்ஜ்களின் வங்காள மொழி போர்டுகளே சாட்சி. லீவு முடிந்து வடக்கே திரும்பும் கம்மவான்பேட்டை ராணுவ வீரர்கள், விஐடி மாணவர்கள், ஆம்பூர் தோல் வியாபாரிகள் எல்லாரும் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்த்தான் விமானம் ஏறுகிறார்கள்.

தரையில் இப்படி இடித்துக்கொள்வது எப்படி? ஏ320 ரக விமானத்தின் இறக்கை, நுனிக்கு நுனி ஏறக்குறைய 36 மீட்டர். விமானி அறையிலிருந்து பார்த்தால் அந்த நுனி எளிதில் தெரியாது. தரையில் வரைந்த மஞ்சள் கோட்டை நம்பித்தான் ஓட்டுகிறார்கள். நிறுத்துமிடத்தில் இந்த அளவு விமானத்துக்கு விடவேண்டிய இடைவெளி 4.5 மீட்டர். பக்கத்து விமானம் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ நின்றால் அந்த இடைவெளி காணாமல் போய்விடும். பின்னால் தள்ளும்போது, லாரிக்கு கிளீனர் மாதிரி, இறக்கை நுனியோடு ஆள் நடந்து வருவதும் இதனால்தான். உரசல் சின்னதாக இருந்தாலும் இன்ஜினியர் பார்த்துச் சான்று தராமல் அந்த விமானம் பறக்க முடியாது. அதனால் பயணிகளை இறக்கிவிடுவார்கள். அப்புறம்தான் உங்கள் உரிமை பற்றிய கேள்வி வருகிறது.

இதற்கான டிஜிசிஏ விதி 2010-இல் வந்தது. பிறகு சில முறை திருத்தப்பட்டது. விமானம் ரத்தா, தாமதமா என்பதுதான் முதலில் தெரியவேண்டியது, ஏனென்றால் இரண்டுக்கும் கணக்கு வேறு.

வெறும் தாமதத்துக்குப் பண இழப்பீடு கிடையாது. நிறைய பேர் உண்டு என்று நினைத்துக்கொண்டு கவுண்டரில் சண்டை போடுகிறார்கள். கிடைப்பது சாப்பாடும் சிற்றுண்டியும்தான்: இரண்டரை மணி நேரம் வரையான பயணமென்றால் 2 மணி தாமதத்திலிருந்து, அதற்கு மேல் 5 மணி வரையான பயணமென்றால் 3 மணி தாமதத்திலிருந்து. உள்நாட்டு விமானம் 6 மணிக்கு மேல் தாமதமானால் வேறு விமானம் அல்லது முழுப் பணம் கேட்கலாம். தாமதம் 24 மணியைத் தாண்டினால் ஓட்டல் அறை தரவேண்டும். இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையில் கிளம்பவேண்டிய விமானமென்றால் 6 மணிக்கு மேல் தாமதமானாலே அறை உண்டு.

கடைசி நேரத்தில் ரத்து என்றால், நீங்கள் ஒப்புக்கொள்கிற மாற்று விமானம் தரவேண்டும். இல்லையென்றால் டிக்கெட்டின் முழுப் பணமும் அதற்கு மேல் இழப்பீடும் தரவேண்டும். ஒரு மணி நேரம் வரையான பயணத்துக்கு 5,000 ரூபாய், இரண்டு மணி வரை 7,500, அதற்கு மேல் 10,000. ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை இதைவிடக் குறைவாக இருந்தால் அந்தக் குறைந்த தொகைதான். நாளை மறுநாள் விமானத்துக்குச் 'சரி' என்று சொல்லிவிட்டு, பிறகு இழப்பீடும் கேட்டால் எடுபடாது. டிக்கெட் எடுக்கும்போது உங்கள் போன் நம்பரைத் தராமல் ஏஜென்ட் தன் நம்பரைப் போட்டிருந்தாலும் சிக்கல்தான். தொடர்பு விவரம் சரியாக இல்லாதவருக்கு இழப்பீடு இல்லை என்று விதியே சொல்கிறது.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. நிறுவனத்தின் கைமீறிய காரணமென்றால் இழப்பீடு தரவேண்டியதில்லை. உங்கள் விமானமே போய் இடித்திருந்தால் 'கைமீறிய காரணம்' என்று சொல்வது கஷ்டம். சும்மா நின்ற உங்கள் விமானத்தில் வேறொன்று வந்து இடித்தால் நிச்சயம் அப்படித்தான் வாதாடுவார்கள். ஆனால் அந்த விலக்கு இழப்பீட்டுக்கு மட்டும்தான். மாற்று விமானமோ டிக்கெட் பணமோ தராமல் இருக்க அதைக் காட்ட முடியாது. ஆகவே காரணத்தை வாய்வார்த்தையாகக் கேட்காமல் மெயிலிலோ எஸ்எம்எஸ்ஸிலோ வாங்கிக்கொள்ளுங்கள். போர்டிங் பாஸைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

காட்பாடியில் விட்ட ரயிலுக்கும் சிஎம்சியில் தவறிய அப்பாயின்ட்மென்ட்டுக்கும் இந்த விதியில் ஒன்றுமில்லை. அதற்கு நுகர்வோர் ஆணையம்தான் வழி. முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் புகார், பதில் சரியில்லையென்றால் விமானப் பயணிகள் புகாருக்கான அரசின் ஏர்சேவா தளம், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியவில்லையென்றால் வழக்கு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம் என்பதால் சென்னைக்கு அலையவேண்டாம், வேலூரிலேயே போடலாம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. சம்பவம் நடந்து 2 வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும்.