டிரையருக்கும் மூச்சு முட்டும்

ஒரு மணி நேரத்துக்கு மேல் சுற்றி ஓய்ந்த டிரையரைத் திறந்தால், வெந்நீர் ஆவி போல ஒரு வெக்கை முகத்தில் அடிக்கிறது. துண்டைத் தொட்டால் நல்ல சூடு. கையில் சுருட்டி அழுத்தினால் இன்னும் ஈரம். என் வீட்டில் கோளாறு இப்படித்தான் தொடங்கியது. "ஹீட்டர் போயிடுச்சு போல" என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். ஹீட்டர் போயிருந்தால் துண்டு எப்படிச் சூடாக இருக்கும் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

அந்தச் சூடான ஈரத் துண்டிலேயே பதில் இருந்தது. டிரையரைத் துணி காய வைக்கும் அடுப்பாக நினைக்கிறோம். உண்மையில் அது காற்றை இழுத்துத் தள்ளும் இயந்திரம். சூடு அந்தக் காற்றுக்குத் துணை. டிரையரில் வரும் கோளாறுகளில் பெரும்பங்கு காற்று போகும் வழியில்தான் பிறக்கிறது.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். துணியில் இருக்கும் 1 கிலோ தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். மின்சாரக் கணக்கில் இது 0.67 யூனிட். வாஷிங் மெஷினிலிருந்து எடுத்த துணியில் 3 கிலோ தண்ணீர் தங்கியிருந்தால், ஆவியாக்க மட்டுமே 2 யூனிட் போய்விடும். வாஷிங் மெஷினில் கூடுதல் வேகத்தில் பிழிவது லாபம் என்று சொல்வது இதனால்தான். சுற்று வேகத்தை நிமிடத்துக்கு 800-லிருந்து 1,200 ஆக்கினால் தண்ணீரை வெளியே தள்ளும் விசை இரண்டே கால் மடங்காகிறது. பிழிந்து வெளியேற்றும் தண்ணீருக்கு, ஆவியாக்குவதற்கு ஆகும் மின்சாரத்தில் சிறு பங்குகூட ஆவதில்லை.

ஆவியானால் மட்டும் போதாது, அந்த ஆவி, துணி சுற்றும் உருளையான டிரம்மை விட்டு வெளியேறவும் வேண்டும். 20 டிகிரி செல்சியஸில் 1 கனமீட்டர் காற்று அதிகபட்சம் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 40 டிகிரியில் 51 கிராம், 60 டிகிரியில் 130 கிராம். காற்றைச் சூடாக்குவது ஈரத்தை வாரிக்கொள்ளும் இந்தத் திறனுக்காகவும்தான். உள்ளே போகும் காற்றில் ஏற்கெனவே 10 கிராம் ஈரம் இருந்து, வெளியே வரும்போது 40 டிகிரியில் முழுக்க நிரம்பியே வருகிறது என்று வைத்துக்கொண்டாலும், ஒவ்வொரு கனமீட்டரும் ஏறக்குறைய 40 கிராம்தான் எடுத்துப் போகும். 3 கிலோவை அகற்ற 75 கனமீட்டர் காற்று வேண்டும். நடுத்தர அறை ஒன்றின் மொத்தக் காற்றையும் இரண்டு முறை அந்த டிரம் வழியே செலுத்துவது போல. நடைமுறையில் இதைவிட இன்னும் அதிகம் தேவைப்படும். அந்தக் காற்று வெளியேற முடியாமல் உள்ளேயே தேங்கினால் என்ன ஆகும்? டிரம்முக்குள் இருக்கும் காற்று ஈரத்தால் நிரம்பிவிடும், அதற்கு மேல் ஒரு சொட்டைக்கூட வாங்கிக்கொள்ளாது. எவ்வளவு சூடு கொடுத்தாலும் துணி ஆவியில் வேகுமே தவிரக் காயாது. என் துண்டுக்கு நடந்தது அதுதான்.

காற்று போகும் பாதை எளிமையானது. விசிறி காற்றை இழுக்கிறது. அது முதலில் ஹீட்டர் காயிலைத் தாண்டி வருகிறது, பிறகு டிரம்முக்குள் துணிகளுக்கிடையே புகுந்து, பஞ்சு வடிகட்டி வழியாக வெளிக்குழாய்க்குப் போகிறது. டிரம் சுற்றுவதிலும் ஓர் அழகான இயற்பியல் இருக்கிறது. 60 செ.மீ. விட்டமுள்ள டிரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 55 முறை சுற்றினால் துணி சுவரோடு ஒட்டிக்கொண்டு கூடவே சுற்றும், கீழே விழாது. அதனால் வேகத்தை அதற்குச் சற்றுக் கீழே, 50 சுற்று அளவில் வைக்கிறார்கள். துணி உச்சி வரை ஏறி, பிடி விட்டு, காற்றின் நடுவே விரிந்து விழுகிறது. துணி காய்வது பெரும்பாலும் அந்த நொடிப்பொழுது வீழ்ச்சியில்தான். டிரம்மை அடைத்து நிரப்பினால் விழ இடமில்லாமல் எல்லாம் ஒரே பந்தாக உருளும். பந்தின் நடுவில் இருப்பது கடைசி வரை ஈரம்தான். படுக்கை விரிப்பு மற்றத் துணிகளை விழுங்கிச் சுருட்டிக்கொள்வதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அதைத் தனியாகப் போடுவதே நல்லது.

இனி என் வீட்டுக் கதையின் இரண்டாம் பகுதி. துணி காயத் தாமதமாகிக்கொண்டே வந்த டிரையர் ஒருநாள் சூடாவதையே நிறுத்தியது. டிரம் சுற்றுகிறது, காற்று குளிர்ச்சியாக வருகிறது. பழுது பார்க்க வந்தவர், சூடு மிஞ்சினால் அறுந்து ஹீட்டரை நிறுத்தும் தெர்மல் ஃபியூஸ் போய்விட்டது என்று மாற்றிக் கொடுத்தார். மூன்று வாரம் ஓடியது, மறுபடி அதே கதை. இரண்டாவது ஃபியூஸும் போனபோதுதான் இயந்திரத்தை முன்னால் இழுத்துப் பார்த்தேன். பின்னாலிருந்த அலுமினியத் தாள் குழாய், சுவருக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் நசுங்கிச் சப்பையாகிக் கிடந்தது. அந்த மடிப்பைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே கம்பளி போலச் சாம்பல் நிறத்தில் பஞ்சு, விரல் தடிமனுக்கு. இரண்டு விரல் நுழையும் இடைவெளிதான் மிச்சம்.

ஹீட்டர் தரும் வெப்பம் ஒரே அளவு. அதைத் தாண்டிப் போகும் காற்று பாதியானால், காற்றின் வெப்ப உயர்வு இரட்டிப்பாகிறது. முதலில் தெர்மோஸ்டாட் அதைக் கண்டுகொள்ளும். அதற்குள் இருப்பது இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த சிறு வில்லை. சூடு ஏறினால் 'டக்' என்று மறுபக்கம் வளைந்து ஹீட்டரை அணைக்கும், ஆறினால் பழைய நிலைக்குத் திரும்பும். அடைப்புள்ள டிரையரில் இது அடிக்கடி அணைந்து அணைந்து எரிவதால் துணிக்குச் சேரும் மொத்தச் சூடும் குறைகிறது, நேரம் நீள்கிறது. அதையும் மீறிச் சூடு ஏறினால் தெர்மல் ஃபியூஸ் அறுந்துவிடும். அது ஒருமுறைதான் வேலை செய்யும். ஃபியூஸ் போனது நோயின் அறிகுறி. நோய் குழாயில் இருந்தது. ஃபியூஸின் இரண்டு முனைகளையும் கம்பியால் இணைத்துவிட்டு ஓட்டலாம் என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். வீடு தீப்பிடிக்காமல் இருக்க வைத்த கடைசிக் காவல் அது.

அந்தப் பஞ்சு எளிதில் பற்றக்கூடியது. பருத்தி நூலிலிருந்து உதிரும் பொடி இழைகள், இடையிடையே காற்று நிரம்பி, ஒரு பொறிக்குக் காத்திருப்பவை. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையிலான காலத்துக்குச் செய்த மதிப்பீட்டில், அந்நாட்டு வீடுகளில் ஆண்டுக்குச் சுமார் 2,900 டிரையர் தீ விபத்துகள் நடந்தன. முதன்மைக் காரணமாக அது குறிப்பிட்டது, சுத்தம் செய்யாமல் விட்டதை.

வடிகட்டியை ஒவ்வொரு முறையும் வழித்து எடுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாத ஒன்று உண்டு. துணி மென்மையாக்கப் போடும் வாசனைத் தாள்கள் வடிகட்டியின் வலைக் கண்களில் மெழுகு போல மெல்லிய படலத்தைப் பூசிவிடும். பஞ்சை வழித்த பிறகு பார்த்தால் வலை பளிச்சென்று சுத்தமாகத் தெரியும், காற்று மட்டும் போகாது. தண்ணீர்க் குழாயடியில் வலையைப் பிடித்துத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். தண்ணீர் அப்படியே ஒழுகிப் போனால் நல்லது. குளம் கட்டி நின்றால் சோப்பும் பழைய பல் துலக்கும் பிரஷும் போட்டுத் தேய்த்து, நன்றாகக் காய வைத்துத் திரும்பப் பொருத்துங்கள்.

வெளிக்குழாய்க்குப் பிளாஸ்டிக் வேண்டவே வேண்டாம், சுருங்கும் தாள் குழாயும் முடிந்தவரை வேண்டாம். உட்புறம் வழவழப்பான, 10 செ.மீ. விட்டமுள்ள கெட்டி உலோகக் குழாய்தான் சரி. ஒவ்வொரு செங்கோண வளைவும் கூடுதலாக ஒன்றரை மீட்டர் நேர்க்குழாய் போட்டதற்குச் சமம். இணைப்புகளில் உள்ளே துருத்தும் ஸ்க்ரூ கூடாது, ஒவ்வொன்றும் பஞ்சைப் பிடித்து நிறுத்தும் முள்ளாகிவிடும். ஆண்டுக்கு ஒருமுறையாவது குழாயைக் கழற்றி உட்புறத்தைத் துடைக்க வேண்டும். டிரையர் ஓடும்போது வெளிச்சுவர் மூடியைப் போய்ப் பாருங்கள். அது நன்றாகத் திறந்து, கையில் பலமாகக் காற்று அடிக்க வேண்டும். என்னைப் பொறுத்தவரை எந்தக் கருவியும் இல்லாமல் செய்யக்கூடிய மிகச் சிறந்த சோதனை இதுதான்.

காற்றுப் பாதை சுத்தமாக இருந்தும் சூடு வரவில்லை என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மின்சாரத்தையும் தடையையும் அளக்கும் மல்டிமீட்டரை எடுக்கலாம். அமெரிக்கா போன்ற நாடுகளில் 240 வோல்ட் டிரையரின் மோட்டார் மட்டும் 120 வோல்ட்டில் ஓடும். இரண்டு மின்வழிகளில் மோட்டாருக்கு வேண்டாத ஒன்று போய்விட்டால் டிரம் சுற்றும், சூடு வராது. அங்கே முதலில் பார்க்க வேண்டியது வீட்டு மின்பெட்டியில் உள்ள பிரேக்கரை. அடுத்து ஃபியூஸ். ஒரு முனையின் ஒயரைக் கழற்றிவிட்டுத் தடையை அளந்தால் மீட்டர் கிட்டத்தட்ட சுழியம் ஓம் காட்ட வேண்டும். தொடர்பே இல்லை என்று காட்டினால் அறுந்துவிட்டது. ஹீட்டர் காயிலின் தடை எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை நீங்களே கணக்கிடலாம். வோல்ட்டின் வர்க்கத்தை வாட்டால் வகுத்தால் போதும். 230 வோல்ட்டில் 2,500 வாட் என்றால் சுமார் 21 ஓம். காயிலின் முனைக்கும் உலோகப் பெட்டிக்கும் இடையே தொடர்பே இருக்கக் கூடாது. அறுந்த காயில் தொய்ந்து பெட்டியில் பட்டிருந்தால், சில இயந்திரங்களில் ஹீட்டர் அணையாமலே எரிந்துகொண்டிருக்கும். அத்தகைய டிரையரைப் பிளக்கில் மறுபடி செருகவே கூடாது. மோட்டாருக்கு மின்னேற்றத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டர் உள்ள மாடல்களில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்னேற்றம் தங்கியிருக்கும். அந்தப் பகுதியைப் பழக்கமுள்ளவரிடம் விடுவது நல்லது.

மோட்டார் உறுமுகிறது, டிரம் அசையவில்லை என்றால் டிரம்மைச் சுற்ற வைக்கும் பெல்ட்டைச் சந்தேகியுங்கள். கையால் டிரம்மைச் சுழற்றிப் பார்த்தால், அறுந்திருப்பின் எந்தப் பிடிப்புமின்றி லேசாகச் சுழலும். 'தொம் தொம்' சத்தம் டிரம்மைத் தாங்கும் உருளைகள் தேய்ந்ததால் வருவது, கீச்சிடும் சத்தம் பெரும்பாலும் பெல்ட்டை இறுக்கும் புல்லியிலிருந்து வருவது. துணி ஈரமாக இருக்கும்போதே இயந்திரம் நின்றுவிடுகிறதா? டிரம்மில் துணி உரசும் இடத்தில் இரண்டு உலோகப் பட்டைகள் இருக்கும். ஈரத் துணி அவற்றைத் தொடும்போது மின்சாரம் லேசாகக் கடக்கும், அதை வைத்துத்தான் ஈரத்தை அறிகிறது. முன்பு சொன்ன அதே மெழுகுப் படலம் இவற்றின் மேல் படிந்தால், துணி காய்ந்துவிட்டதாக இயந்திரம் தவறாக நினைக்கும். வினிகர் தொட்ட துணியால் துடைத்தால் சரியாகிவிடும்.

வெளிக்குழாய் இல்லாத கண்டென்ஸர் வகையிலும் ஹீட் பம்ப் வகையிலும் காற்று உள்ளேயே சுழல்கிறது. ஈரம் குளிர்ந்த தகடுகளில் தண்ணீராகித் தொட்டியில் சேர்கிறது. அங்கே குழாயின் இடத்தைத் தகடுகள் பிடித்துக்கொள்கின்றன, அடைத்துக்கொள்வது அதே பஞ்சுதான். வாக்குவம் கிளீனரின் மென்மையான பிரஷால், தகடு வளையாமல், தகடு ஓடும் திசையிலேயே எடுக்க வேண்டும்.

ஓட்டத்தின் கடைசிச் சில நிமிடங்களில் ஹீட்டர் அணைந்து காற்று மட்டும் ஓடும். அதைப் பாதியில் நிறுத்திச் சூடான துணியைக் குவியலாக விட்டுவிடாதீர்கள். சமையல் எண்ணெயோ ஆளி விதை எண்ணெயோ ஊறிய துணி என்றால், துவைத்த பிறகும் இழைகளில் எண்ணெய் தங்கும். அது காற்றோடு வினைபுரிந்து வெப்பம் விடும், குவியலின் நடுவில் அந்த வெப்பத்துக்குப் போக வழி இருக்காது. தானாகவே பற்றிக்கொள்ளலாம். அப்படிப்பட்ட துணியை டிரையரில் போடவே வேண்டாம். காற்றோட்டமுள்ள இடத்தில் ஒவ்வொன்றாக விரித்துக் காய வையுங்கள்.